நீங்கள் பெயர் மாற்றிய பண்ணை

என் அன்புக்குரிய மேல்வீட்டு இவான் அண்ணைக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. மேல்வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. போன கிழமையும் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்குக் கேட்டது. "பாப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு இடத்தைச் சும்மா பூட்டி வைத்திருக்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் திறப்பைக் கையில் எடுத்தால் படி ஏற மனம் வருகுதில்லை.

பதினொரு மணிக்கு இப்போது ஒருவரும் இறங்கி வந்து என் வெண்டிக்காயைக் குறை சொல்வதில்லை. "நேசன், இது நேற்றையான் காய்" என்பீர்கள். "நேற்றே வாங்கியிருந்தால் இது புதுசு அண்ணை" என்பேன். இருபத்தைந்து வருடமாக இதே பகிடிதான். ஒரு நாளும் நமக்கு அலுக்கவில்லை, என்ன?

இதைத் தமிழில் எழுதுகிறேன். "அப்பா, இங்கிலிசில எழுதுங்கோ, அங்கிளின்ர ஊர்ச் சனமும் வாசிக்கும்" என்று என் மகள் ஆரணி சொன்னாள். அந்த ஊர்ச் சனம் வாசிக்கக்கூடாது என்பதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அண்ணை. ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தந்த வாக்கை நான் முறித்துவிட்டேன். ஏன் முறித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை வாசிக்கப்போகிற எங்கட ஆட்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஒரு காலத்தில் லண்டனில் பால் விற்றவர்கள் வேல்ஸ்காரர். இன்றைக்கு மூலைக்கடை என்றால் எங்கட ஆட்கள் என்கிற மாதிரி, அன்றைக்குப் பால்கடை என்றால் அவர்கள். அதே லண்டனின் செவன் கிங்ஸில் இன்று நான் மரக்கறியும் அரிசியும் விற்கிற கடை உங்கட தகப்பனாரின் பால்கடை. பின்னறைச் சுவரில் வெள்ளை ஓடுகள் இன்னும் இருக்கின்றன. பால்கடைக்கு மேலேதான் நீங்கள் பிறந்தீர்கள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் குண்டு விழத் தொடங்கியதும், நாலு வயதில் உங்களை மேற்கு வேல்ஸிலே உங்கட மாமாவின் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் அங்கே வளர்ந்து, திரும்பி வந்து, பிறகு ஆயுள் முழுக்கப் பால் விற்றீர்கள். கல்லாவுக்குக் கீழே ஒரு கொப்பியை வைத்து உங்கட வேல்ஸ் பாஷையில் பாட்டு எழுதினீர்கள்.

அந்தப் பண்ணையைப் பற்றி எழுதிய பாட்டை இன்றைக்கு வேல்ஸ் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். இதை நான் அறிய எட்டு வருடம் எடுத்தது. கடையை எனக்கு விற்கும்போது, "சாகும்வரைக்கும் மேல்வீட்டில் இருப்பன்" என்று ஒரேயொரு நிபந்தனை வைத்தீர்கள். கவிஞர் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். கவிஞர்மார் வாடகைக்கு இருந்த வீடுகளைப் பற்றி எங்கட ஆட்களிடம் நிறையக் கதை இருக்கிறது.

நான் பாட்டுத் தெரிந்தவன் இல்லை. "உங்கட பாட்டுக்கு ஒரு கிலோ வெங்காயம் தருவினமோ?" என்று நான் கேட்க, "உன்ர வெங்காயத்துக்கு ஒரு வரி ஆரும் தருவினமோ?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் நமக்குள் ஒட்டிக்கொண்டது.

அரிசிச் சாக்கின் மேல் இருந்தபடி அந்தப் பாட்டை வரிவரியாக எனக்கு இங்கிலிசில் சொல்லித் தந்தீர்கள். ஆற்றில் படுத்திருக்கும் காலைப் புகார் மூட்டம். மாட்டுக்கொட்டிலின் வளைமரத்தில் கூடு கட்டுகிற தகைவிலான் குருவிகள். வெட்டிக் காயப்போட்ட புல்லில் ஏறி உருளுகிற பெடியன். வாசல்படியில் நுரை தள்ளி நிற்கிற பால். நான் அதற்குப் பதிலாக எங்கட வெங்காயத் தோட்டத்தைச் சொல்வேன். விடியப்புறம் மிசின் இறைக்கிற சத்தம், வாய்க்காலில் ஓடி வருகிற தண்ணி, அதில் மிதக்கிற பூவரசம் இலை. நீங்கள் ஆற்றங்கரையில் நிற்பீர்கள், நான் வாய்க்கால் வரம்பில் நிற்பேன். வெளியே பஸ் ஓடும். "அண்ணைமார், ஊருக்குப் போய் வந்திட்டீங்கள் எண்டால் எனக்கு ஒரு பிடி கறிவேப்பிலை தாங்கோ" என்று யாராவது ஒரு அக்கா கத்தினால்தான் இரண்டு பேரும் செவன் கிங்ஸுக்குத் திரும்பி வருவோம்.

இனி ஆஸ்பத்திரி. அன்றைக்கு நான் கொண்டுவந்த சூப்பை நீங்கள் தொடவில்லை. இங்கிலிசில் நீங்கள் சொன்னது இப்போதும் என் காதில் எங்கட பேச்சாகத்தான் கேட்கிறது.

"நேசன், நான் ஒரு களவு செய்திட்டன்."

"என்னது, என்ர கடையிலயோ?"

"பாட்டில."

பிறகு சொன்னீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பண்ணை, இந்தப் பக்கம் ஒரு சின்னப் பண்ணை. பாட்டில் இருப்பது பெரிய பண்ணையின் பெயர். அங்கே நீங்கள் ஒரு இரவுகூடப் படுத்ததில்லை. மாமாவுடையது சின்னப் பண்ணை. உங்கட பாஷைப் பாட்டில் ஒரு சத்தத்துக்கு இன்னொரு சத்தம் பதில் சொல்லவேண்டுமாம், எங்கட எதுகை மோனை மாதிரி. சின்னப் பண்ணையின் பெயர் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வரிக்குள் இருக்கவில்லை. அதனால் பக்கத்துப் பண்ணையின் பெயரை எடுத்துப் போட்டீர்கள். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்கள். உண்மை தெரிந்த பழைய ஆட்கள் போய்விட்டார்கள், இப்போது ஊரூராகச் சனம் வந்து பெரிய பண்ணையைப் பார்த்துவிட்டுப் போகிறது.

"மாமா தன்ர வீட்டில வைச்சு எனக்குச் சோறு தந்தார். நான் அந்த வீட்டின்ர பெயரைத் துடைச்சுப்போட்டன்."

"சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"வாற வருசம், வாற வருசம் எண்டு அறுவது வருசம் போட்டுது. நான் போன பிறகு நீ சொல்லு."

"நானோ? உங்கட பாட்டுக்காரச் சிநேகிதர் ஆரும் இல்லையோ?"

"அவையிட்டச் சொன்னால் அதையும் ஒரு பாட்டாக்கிப் போடுவினம்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாக்கு மாறாத ஆள்" என்றீர்கள். சொல்லுறன் அண்ணை என்றேன்.

உங்கட களவு எனக்கு விளங்காத ஒன்றல்ல. நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி மனுக் கொடுத்தபோது, என் ஊர்ப் பெயரை அந்த அதிகாரியால் எழுத முடியவில்லை. மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் பிழையாக எழுதினார். கடைசியில், அவருடைய தேசப்படத்தில் இருந்த பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லிவிட்டேன். நான் பிறக்காத ஊர்தான் இன்றைக்கும் என் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்டது எனக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. போவது, நாலு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்வது, வருவது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

உங்கட செத்தவீட்டில்தான் நான் முதல் பிழை விட்டேன். லண்டன் வேல்ஸ் தேவாலயத்தில் உங்கட ஆட்கள் பாடினார்கள் அண்ணை, அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. பிறகு பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணியும் சான்ட்விச்சும் தந்தார்கள். அரைக் கோப்பை குடித்தேன். எழும்பிப் பக்கக் கதவால் வந்துவிட்டேன். ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கட வழக்கம் உங்களுக்கு நான் சொல்லியிருக்கிறேனோ தெரியாது: செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்லிப் போகிறதில்லை. அந்த வீட்டுக்குத் திரும்ப ஒரு துக்கத்துக்கு வரவேண்டி வரும் என்று பயம். சத்தம் போடாமல் எழும்பிப் போவதுதான் எங்களுக்கு மரியாதை.

நான் அப்படிப் போனதால் என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

சித்திரையில் உங்கட ஊர்க் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய பண்ணையின் மதிலில் உங்கட பெயரைக் கல்லில் பொறித்து வைக்கப்போகிறார்களாம். லண்டனில் உங்களோடு கனகாலம் இருந்தவர் என்று என்னையும் ஐந்து நிமிடம் பேச வரச் சொன்னார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று உடனே சம்மதித்தேன். சொல்லவேண்டியதை ஆரணி ஒரு தாளில் இங்கிலிசில் அடித்துத் தந்தாள். மூன்று வசனம். சுத்தமான வேலை.

வைகாசியில் ஆரணி கடை வானை ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து போனோம். விழாவுக்கு முதல் நாளே போய்விட்டோம். முதலில் சின்னப் பண்ணைக்குப் போகவேண்டும் என்பது என் எண்ணம். அந்த வீட்டுக்கு நல்ல செய்தியல்லவா கொண்டுபோகிறேன்? வெறுங்கையோடு போகேலாது என்று ஒரு பெட்டி மாம்பழமும் இரண்டு சீப்புக் கதலி வாழைப்பழமும் எடுத்துப் போனேன்.

அண்ணை, ஆற்றைக் கண்டவுடன் எனக்குக் கால் நின்றுவிட்டது. நீங்கள் சொன்ன ஆறு அப்படியே இருந்தது. பெரிய ஆறு என்று நினைத்திருந்தேன், பாய்ந்து தாண்டலாம் போலக் கிடந்தது. ஆனால் அந்தப் புகார், அந்த வளைவு, கரையில் சரிந்து நிற்கிற மரம்! அரிசிச் சாக்கில் இருந்து நான் நூறு தரம் வந்துபோன இடம். என் ஊர் வாய்க்காலுக்கு முப்பத்தெட்டு வருடமாய் நான் போகவில்லை. உங்கட ஆற்றங்கரையில் நின்று அதை நினைத்தேன்.

சின்னப் பண்ணையின் கதவைத் திறந்தவ உங்கட மாமாவின் மகள் நெஸ்டா. உங்களைவிட இரண்டு வயது மூத்தவ, தொண்ணூறு தாண்டியும் நிமிர்ந்து நிற்கிறா. என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நீர்தானே செத்தவீட்டில ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போனவர்?"

மாம்பழப் பெட்டியோடு வாசலில் நின்று எங்கட வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டா.

"அப்ப அது மரியாதையோ?"

"ஓம்."

"கடவுளே! நாங்கள் ஐஞ்சு மாதமா உம்மைத் திட்டிக்கொண்டிருந்தனாங்கள். சரி, உள்ள வாரும். இதென்ன பெட்டி?"

மாம்பழத்தை ஆப்பிள் சீவுகிற மாதிரிச் சீவ வெளிக்கிட்டா. ஆரணி கத்தியை வாங்கிக் கன்னம் கன்னமாக வெட்டிக் கொடுத்தாள். இரண்டு துண்டு சாப்பிட்ட பிறகு, நாளைக்கு என்ன பேசப்போகிறீர் என்று கேட்டா. நான் சந்தோசமாகத்தான் சொன்னேன்.

"இவான் அண்ணை உங்கட வீட்டுக்குச் செய்த பிழையைத் திருத்தப்போறன். பாட்டில இருக்கிறது இந்த வீடுதான் எண்டு எல்லாருக்கும் சொல்லப்போறன்."

அவ அழுவா என்று நினைத்தேன். கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"ஆர் உம்மட்டக் கேட்டது?"

"அவர்தான். ஆஸ்பத்திரியில. வாக்குக் குடுத்தனான்."

"அவன் செத்துப்போனான். நான் இருக்கிறன். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

நான் கேட்கவில்லை. அண்ணை, நீங்களும் கேட்கவில்லையே?

"அவன் சாகமுதல் எனக்குப் போனில சொன்னவன், கடைக்காரன் வந்து எல்லாத்தையும் சொல்லுவான் எண்டு. என்ர பதிலைக் கேளாமல் வைச்சிட்டான். அதை வேண்டாம் எண்டு உம்மட்டச் சொல்லத்தான் அண்டைக்கு மண்டபத்தில எழும்பி வந்தனான். பாத்தால் வெறுங்கதிரை. அரைக் கோப்பை தேத்தண்ணி. உம்மட பெயரும் தெரியாது, அவன்ர போனுக்கு அடிச்சால் எடுக்க ஆளும் இல்லை."

அங்கேயே நின்று ஒரு "போட்டு வாறன்" சொல்லியிருந்தால், நான் அந்தக் குழுவுக்குச் சம்மதமே சொல்லியிருக்க மாட்டேன்.

முதலில் அவ ஊர் நியாயம் சொன்னா. பெரிய பண்ணையில் இருக்கிற இளம் புருசன் பெண்சாதி பாவங்கள். பாலை நம்பிச் சீவிக்கேலாமல் மூன்று அறையை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். பெயரைப் பறித்தால் அந்த வீடு படுத்துவிடும். இது எனக்கு நன்றாக விளங்கியது. நானும் வியாபாரிதானே. ஆனாலும் அதற்காக ஒரு வாக்கை முறிக்க நான் ஆயத்தமில்லை. அதைச் சொன்னேன்.

"பாட்டு உமக்குத் தெரியுமோ?" என்றா.

"தெரியும்."

"அதில பால் எங்கை நிக்குது?"

"வாசல்படியில. நுரை தள்ளி."

"ஆர் கறந்தது?"

நான் பாட்டைத் தொடக்கத்திலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆறு இருக்கிறது. குருவி இருக்கிறது. பெடியன் இருக்கிறான். கறந்த ஆள் இல்லை.

"ஐஞ்சு மணிக்கு நானும் அம்மாவும். எனக்குப் பத்து வயசு. விரல் விறைச்சால் மாட்டின்ர மடியில வைச்சுச் சூடாக்குவன். துரை எழும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வர, வாசலில பால் நிக்கும். அவனுக்கு அது தானா வந்த பால்."

அவவுடைய குரலில் கோபம் இருக்கவில்லை அண்ணை. நீங்கள் அப்படி நினைக்கக்கூடாது. "நல்ல பாட்டு அது. என்ர செத்தவீட்டில அதை வாசிக்கச் சொல்லி எழுதி வைச்சிருக்கிறன்" என்றும் சொன்னா. உங்கட மாமா அந்தப் பாட்டை முதல் தரம் வாசித்துவிட்டு மாடு கட்டப் போனாராம். அன்றிரவு சாப்பிடும்போது, "பெடியன் நல்லா எழுதியிருக்கிறான்" என்று மட்டும் சொன்னாராம். அறுபது வருடமாய் நீங்கள் அவருக்குப் பயந்தீர்கள். அவர் இப்படித்தான் சொன்னார். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லையோ?

"எனக்கு அவன் செய்தது நட்டமில்லை" என்றா நெஸ்டா. "பெயரை எடுத்துக்கொண்டு போனான், வீட்டை விட்டிட்டுப் போனான். இது பாட்டில இருக்கிற வீடு எண்டு நீர் நாளைக்குச் சொன்னால், நாளையில இருந்து இது அவன்ர வீடு. வாறவை என்ர அடுப்பையும் படியையும் பாத்து அவன் இஞ்சை நிண்டவன், அவன் இதில இருந்தவன் எண்டுவினம். எண்பது வருசம் இதில வேலை செய்தது நான். நான் போகுமட்டும் இது என்ர வீடாக் கிடக்கட்டும். பிறகு நீர் விரும்பினதைச் செய்யும்."

எழும்பும்போது ஆரணி மெதுவாகக் கேட்டாள். "அப்பா, என்ன செய்யப்போறீங்கள்?"

"தெரியாது பிள்ளை."

உண்மையாகவே தெரியவில்லை. நாங்கள் தங்கியது பெரிய பண்ணையில்தான், வேறு இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரப் பிள்ளை எங்களை மேலே கூட்டிக்கொண்டு போய் ஒரு சின்னக் கட்டிலைக் காட்டி, "இதிலதான் அவர் சின்னனில படுத்தவர்" என்றாள். ஆரணி என் காலை மிதித்தாள். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை அண்ணை, நம்பிச் சொன்னாள். கட்டிலில் ஒரு பழைய போர்வையை அவ்வளவு கவனமாக மடித்து வைத்திருந்தாள்.

அடுத்த நாள் ஒரு ஐம்பது பேர் வந்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் உங்கட பாட்டைச் சொன்னார்கள். ஒரு சொல் விளங்காமலே எனக்கு எந்த இடத்தில் ஆறு வருகிறது, எந்த இடத்தில் பால் வருகிறது என்று தெரிந்தது. நெஸ்டா சிவப்புக் கோட்டுப் போட்டுக் கடைசி வரிசையில் வந்திருந்தா. என் பக்கம் பார்க்கவேயில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். தாள் சட்டைப் பையில் இருந்தது. கடையைப் பற்றி, சாக்கைப் பற்றி, வெண்டிக்காயைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு தலைவர், நல்ல மனுசன், ஒரு கேள்வி கேட்டார். "இந்த வீட்டைப் பற்றி அவர் உங்களுக்கு என்ன சொல்லுவார்?"

அண்ணை, கையைப் பையில் விட்டேன். தாள் விரலில் பட்டது. இருபத்தைந்து வருடமாக வாயால் சொன்ன சொல்லில்தான் என் வியாபாரம் நின்றது. ஒரு மூடை அரிசிக்குக்கூட நான் சொல் மாறியதில்லை. உங்கட கை என் கையைப் பிடித்த பிடி இன்னும் கையில் இருந்தது. ஐம்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவ தன் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தா. கேட்க வேண்டியதை முதல் நாளே கேட்டுவிட்டா. திரும்பக் கெஞ்சுகிற ஆள் இல்லை.

கையை வெறுமையாக வெளியே எடுத்தேன்.

"ஆத்தைப் பற்றித்தான் கூடச் சொல்லுவார்" என்றேன். பொய் இல்லையே? ஆறு இரண்டு பண்ணைக்கும் பொது. "ஆனால் நான் கடைக்காரன். எனக்கு அந்தப் பாட்டில ஒரு சந்தேகம். வாசலில பால் தானா வந்து நிக்குது எண்டு எழுதியிருக்கிறார். இவ்வளவு காலம் கடை நடத்தி நான் ஒரு சாமானும் தானா வந்து கண்டதில்லை. ஆரோ விடியக் காலமை எழும்பி அதைக் கறந்திருக்கவேணும். கல்லில இவான் அண்ணையின்ர பெயர் இருக்கிறது சரி. கறந்த ஆளுக்காக நாங்கள் ஒருக்காக் கை தட்டுவம்."

தட்டினார்கள். யாருக்கு என்று தெரியாமலே நன்றாகத் தட்டினார்கள். கடைசி வரிசையில் நெஸ்டாவும் தட்டினா, தனக்கென்று காட்டாமல், மற்றவர்களைப் போல.

திரும்பி வரும்போது ஆரணி கேட்டாள். "அப்பா, ஆர் சரி? அங்கிளோ, அவவோ?"

"ரெண்டு பேரும் சரி. நான்தான் பிழை" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

வழியில் தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் ஊரில் இருக்கிற என் தமக்கைக்குப் போன் எடுத்தேன். உங்களிடம் நான் வாய்க்கால் தண்ணியைப் பற்றி எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? ஒரு பாத்தி நிறைய, மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணியைத் திருப்பிவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றி ஒரு நாளாவது சொன்னேனா? உங்கட பாட்டில் பால் மாதிரி, என் கதையில் தண்ணி தானாகவே திரும்பியது.

"அக்கா, அப்ப தோட்டத்தில தண்ணி மாறினது நீயெல்லோ?"

"டேய், உனக்கு என்ன நடந்தது? வருத்தம் ஏதுமோ?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

"நான் இல்லாமல் வேற ஆர்? நீ வரம்பில குந்தியிருந்து இலை விட்டு விளையாடினனி. எனக்குக் கால்விரலெல்லாம் சேத்துப்புண். அதோடதான் பள்ளிக்கூடம் போனனான். இப்பதான் துரைக்கு ஞாபகம் வந்ததோ?"

துரை! நெஸ்டா உங்களைச் சொன்ன அதே சொல்லை அக்கா என்னைச் சொன்னா. நான் சிரிக்க, அவவும் சிரித்தா. பிறகு அரை மணித்தியாலம் கதைத்தா. எந்தப் பாத்தியில் தண்ணி நிற்காது, எந்த இடத்தில் வரம்பு உடையும், ஐயா எங்கே நின்று கத்துவார் எல்லாம் அவவுக்குப் பாடம். நான் பார்த்த தோட்டம் வேறு, அவ நின்ற தோட்டம் வேறு. இனி நான் ஊரை நினைத்தால் எதை நினைப்பேன் அண்ணை? பூவரசம் இலையை விட மனம் வரவில்லை. ஆனால் இனிமேல் அந்த வரம்பில் என் தமக்கையும் நிற்பா.

அதனால் உங்கட பாட்டைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை. சந்தோசமாக இருந்த பிள்ளை எதைப் பார்க்குமோ அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அந்தச் சந்தோசம் பொய்யில்லை. ஆற்றங்கரையில் நின்றவன் சொல்கிறேன், நீங்கள் எழுதியது அத்தனையும் அங்கே இருக்கிறது.

நெஸ்டாவோடு இப்போது ஞாயிறுகளில் போனில் கதைக்கிறேன். நீங்கள் எழுதாதவற்றைச் சொல்கிறா: நீங்கள் மாட்டுக்குப் பயந்தது, இருட்டில் அழுதது, லண்டனுக்குத் திரும்புகிற அன்று பண்ணை நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. "இதுகளையும் எழுதியிருக்கலாம், நல்லா இருந்திருக்கும்" என்கிறா. மாம்பழம் முடிந்துவிட்டதாம், அடுத்த முறை கூடக் கொண்டுவரட்டாம்.

இனி நான் சொல்லவேண்டியது ஒன்றுதான். உங்களுக்குத் தந்த வாக்கை முறித்தவன் இன்னொரு வாக்குத் தருகிறேன், நம்புவதும் விடுவதும் உங்கட விருப்பம். நெஸ்டா இருக்கும்வரைக்கும் அந்தச் சின்னப் பண்ணையின் பெயர் என் வாயிலிருந்து வராது. இந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை, பார்த்திருப்பீர்கள். அவ போன பிறகு நானே அந்த ஊருக்குப் போய், அதே மதிலடியில் நின்று, இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுவேன்: இவர் எழுதினார், இவ கறந்தா, இரண்டும் நடந்த வீடு அதோ என்று. பெரிய பண்ணைப் பிள்ளைகளின் பிழைப்புக் கெடாமல் அதைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடிக்கிறது என் பொறுப்பு. நான் இல்லாவிட்டால் ஆரணி சொல்லுவாள். அவளிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

அதற்குள் நெஸ்டா உங்களிடம் வந்துவிடுவா. ஏன்டா பெயரை எடுத்தனி என்று கேட்கமாட்டா, ஆர் கறந்தது என்றுதான் கேட்பா. பதிலை ஆயத்தமாக வைத்திருங்கோ அண்ணை. அந்த வழக்குக்குள் நான் தலையிட மாட்டேன்.

கீழே கடையில் இருக்கும் உங்கட தம்பி,
சிவநேசன்
செவன் கிங்ஸ், லண்டன்